வீட்டிலேயே உடற்பயிற்சி செய்து தசை வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 9 ஆண்டுகளாகக் காலை 5 மணிக்குச் சிலர் கூடி உடற்பயிற்சி செய்து வருகிறோம். நானும் என் மைத்துனரும் இருவராகத் தொடங்கினோம். இன்று தெருப் பிள்ளைகள், காட்பாடியிலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள், ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பிகள், அக்கம்பக்கத்துப் பெண்கள் எனப் பலரும் வருகிறார்கள். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்து உறவினர்கள் போனிலும் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, விடைகளை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவரைப் பார்க்க வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஜிம்முக்குப் போவாம வீட்லயே செஞ்சா உடம்பு ஏறுமா அண்ணா?

ஏறும். தசை வளர்வதற்கு முதற்காரணம், சுருங்கும்போது அது தாங்குகிற இழுவிசை. ஒருவர் ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதத்தை எடுத்து எட்டு முறை தூக்கினாலும், 30 சதவீதத்தை எடுத்து இருபத்தைந்து, முப்பது முறை தூக்கினாலும், இரண்டையும் ‘இனி ஒன்றுகூட முடியாது’ என்னும் நிலைக்கு அருகில் கொண்டு போனால், தசையின் பருமன் ஏறக்குறைய ஒரே அளவில் கூடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட செய்தி. உச்ச எடையைத் தூக்கும் பலம் மட்டும் கனமான எடையில் பழகியவருக்கே கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே தசை வளர்ப்பதே நோக்கமென்றால், நம் உடம்பின் எடையும் மணல் நிரப்பிய ஒரு பையும் நெடுங்காலத்துக்குப் போதும்.

முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி நரம்புகள் பழகுவதால் வருவது. கண்ணாடியில் தெரியும் மாற்றத்துக்கு மூன்று மாதமாவது ஆகும். ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தொடைக்கும் முதுகுக்கும் வீட்டில் போதுமான பாரம் கிடைக்காமல் போகலாம். அப்போது ஜிம்முக்குப் போவது நியாயமான முடிவு. அதுவரை மாதக் கட்டணம் கட்ட இயலவில்லை என்பதற்காக எவரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

வீட்ல ஒரு சாமானும் இல்லையே, எதை வெச்சு செய்யறது?

தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது ஆகிய நான்கு அசைவுகளும் இருந்தால் உடம்பின் பெரிய தசைகள் அனைத்தும் வேலை பெற்றுவிடும். தள்ளுவதற்குத் தண்டால் இருக்கிறது. சாதாரணப் புஷ்-அப்பில் கைகள் தாங்குவது உடல் எடையில் சுமார் 64 சதவீதம். 60 கிலோ உள்ளவருக்கு அது 38 கிலோவுக்கு மேல். முட்டியைத் தரையில் ஊன்றினால் 49 சதவீதம். இரண்டடி உயரக் கட்டிலில் கையை ஊன்றினால் 41 சதவீதம். காலை அதே உயரத்தில் வைத்துக் கையைத் தரையில் ஊன்றினால் 74 சதவீதம். ஒரு கட்டில் இருந்தாலே நான்கு வகை எடை நம் கையில் இருக்கிறது.

உட்கார்ந்து எழுவது எளிதாகிவிட்டால், பின்காலைக் கட்டில்மேல் வைத்து ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுங்கள். பத்து முறைக்குள் தொடை நடுங்கத் தொடங்கும். குனிந்து தூக்க 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். நிரம்பிய கேன் 20 கிலோவுக்குச் சற்று அதிகமாக இருக்கும். முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து மடங்கித் தூக்க வேண்டும். பாரம் கூட்ட நாங்கள் பயன்படுத்துவது பழைய பள்ளிக்கூடப் பை. வீடு கட்டியபோது மிஞ்சிய எம்-சாண்டைச் சலித்து, தெருமுனை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, இரண்டிரண்டு கிலோவாக இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே துணி சுற்றி அடுக்கியிருக்கிறோம். எத்தனை மூட்டை உள்ளே போகிறதோ அத்தனை எடை. தோள்பட்டை வார் பிரிந்துவிடாமல் இருக்கச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒருமுறை அழுத்தித் தைத்துக்கொண்டோம்.

வீட்டில் கடினமானது இழுக்கும் அசைவுதான். அதைப் பலர் விட்டுவிடுவதால் மார்பு மட்டும் வளர்ந்து தோள் முன்னால் கவிழ்கிறது. பழைய வீடாக இருந்து ஜன்னல் கம்பி சுவரில் ஆழமாகப் பதிந்திருந்தால், தடித்த துண்டைக் கம்பியில் மாட்டிச் சாய்ந்து நின்று உடலை இழுக்கலாம். போர்வையின் நுனியில் பெரிய முடிச்சிட்டு, முடிச்சைக் கதவுக்கு மேலாக அந்தப் பக்கம் போட்டு, கதவைத் தாழிட்டும் இழுக்கலாம். நீங்கள் இழுக்கும்போது கதவு நிலையோடு இறுக வேண்டும். கதவு உங்களை நோக்கித் திறக்கும் பக்கத்தில் நிற்கவே கூடாது. தொடக்கத்தில் நான் அந்தத் தவறான பக்கத்தில் நின்றேன். தாழ் விட்டுப்போய்க் கதவு திறந்து, பின்பக்கமாக விழுந்து, மூன்று வாரம் சரியாக உட்கார முடியவில்லை. பிறகு வெல்டிங் பட்டறையில் சொல்லி, மாடிப்படி அறையின் இரு சுவர்களுக்கிடையே ஒரு ஜி.ஐ. பைப்பைப் பதித்துவிட்டோம். நாங்கள் செய்த செலவுகளில் மிகப் பயனுள்ளது அதுவே.

தாத்தா காலத்துல தண்டால், பஸ்கி மட்டும்தானே எடுத்தாங்க? அது போதாதா?

நல்ல அடித்தளம், ஆனால் பாதி உடம்புக்குத்தான் அது போதும். தண்டால் மார்பு, தோள், முன்கை, பின்புயம் ஆகியவற்றுக்கும், உட்கார்ந்து எழும் பஸ்கி தொடைக்கும் வேலை தருகின்றன. முதுகும், கையை மடக்கும் புயத் தசையும், தொடையின் பின்புறமும் விடுபடுகின்றன. அந்தக் காலத்தவர்கள் கிணற்றில் நீர் இறைத்தார்கள், மூட்டை தூக்கினார்கள், ஏர் பிடித்தார்கள். இழுப்பதும் தூக்குவதும் அவர்களுக்கு வேலையிலேயே கிடைத்துவிட்டன. மோட்டார் சுவிட்சைத் தட்டுகிற நமக்கு அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை எடுக்கணும்? தினமும் செய்யணுமா?

புதியவருக்கு வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மேலே சொன்ன நான்கு அசைவுகளும் வயிற்றுக்கு ஒன்றும் சேர்த்து ஐந்து பயிற்சிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று செட், அதாவது இடையில் நிறுத்தாமல் எடுக்கும் சுற்று. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே இரண்டு நிமிட ஓய்வு. நாற்பது, ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஓய்வைக் குறைத்து மூச்சு வாங்க வாங்கச் செய்தால் கடினமாக உழைத்ததுபோல் தோன்றும். ஆனால் அடுத்த செட்டில் எண்ணிக்கை சரிந்து, தசைக்குக் கிடைக்க வேண்டிய வேலை குறைந்துபோகும்.

ஒரு செட்டில் ஐந்து முறையா, இருபத்தைந்து முறையா என்பது இரண்டாம்பட்சம். மெதுவாக இறக்கி, அடிமட்டம் வரை போய், முறையாக மேலேற்ற வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் பத்து செட் அல்லது அதற்குமேல் கிடைக்கும்படி கூட்டிக்கொள்ளலாம்.

தினமும் முப்பது தண்டால் எடுக்கறேன். மூணு மாசமாச்சு, உடம்பு அப்படியே இருக்கு. இன்னா தப்பு?

எங்கள் மாடியில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். முதல் வாரத்தில் முப்பது என்பது உங்கள் எல்லையாக இருந்தது; அன்று அது தசையை வளரச் சொல்லித் தூண்டியது. இன்று உங்களால் நாற்பத்தைந்து எடுக்க முடியும், ஆனால் பழக்கத்தால் முப்பதில் எழுந்துவிடுகிறீர்கள். நீங்கள் செய்யாமல் விடும் அந்தக் கடைசிப் பதினைந்தில்தான் வளர்ச்சி இருக்கிறது. சோர்வு ஏற ஏறத்தான் தசையின் பெரிய நார்களை நரம்பு வேலைக்கு அழைக்கும். எல்லைக்கு வெகு முன்பே நிறுத்தினால் அந்த நார்கள் ஓய்விலேயே இருக்கும்.

எல்லை நெருங்கியதை அறிய ஓர் அடையாளம் உண்டு. நீங்கள் வேகமாக மேலேற முயன்றாலும் உடம்பு தானாகவே மெதுவாக ஏறத் தொடங்கும். அதற்குப் பிறகு இன்னும் ஒன்றோ இரண்டோ எடுத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு செட்டையும் முற்றிலும் விழுந்துவிடும் வரை கொண்டு போக வேண்டியதில்லை.

அடுத்தது நோட்டு. இரண்டு ரூல் போட்ட நாற்பது பக்க நோட்டில் தேதி, பயிற்சி, பையில் எத்தனை மூட்டை, எத்தனை முறை என்று நான்கு பத்தி போடுங்கள். மூன்று செட்டிலும் பதினைந்தைத் தொட்டால் அடுத்த முறை ஒரு மூட்டை கூட்டுங்கள். எண்ணிக்கை பத்துக்கு இறங்கும். மறுபடி பதினைந்துக்கு ஏற்றுங்கள். நோட்டில் எண் ஏறாமல் உடம்பு ஏறியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருவர் ‘எனக்கு எதுவுமே வேலை செய்யவில்லை’ என்று சொன்னால், முதலில் அவருடைய நோட்டைத்தான் கேட்பேன்.

மறுநாள் உடம்பு வலிக்கவே இல்ல. அப்போ செஞ்சது வீணா?

இல்லை. பழக்கமில்லாத வேலையைச் செய்தால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்தைத் தொடும். அதே பயிற்சி நாலைந்து முறையானதும் வலி குறைந்துவிடும், வளர்ச்சியோ தொடரும். வலிக்காக வாராவாரம் பயிற்சியை மாற்றினால் நோட்டில் ஒப்பிட எண்ணே இருக்காது.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்து, மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கறுத்த டீயின் நிறத்தில் போனால், அது சாதாரண வலி அன்று. தசை நார் சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் செய்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பஸ்கி எடுத்தா முட்டி தேஞ்சிடும்னு எங்க மாமா சொல்றாரு.

ஆரோக்கியமான மூட்டு, படிப்படியாகக் கூட்டும் பாரத்தால் தேய்வதில்லை. சுற்றியுள்ள தசை வலுப்பெறுவதால் மூட்டுக்கு ஆதரவே கிடைக்கிறது. முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்பதும் கட்டாயமில்லை. தரையில் சம்மணமிட்டு எழுபவர்களுக்கு அது அன்றாட அசைவு. ஏற்கெனவே வலி உள்ளவர்கள் நாற்காலி உயரம் வரை மட்டும் இறங்கித் தொடங்கலாம். வீக்கமோ, மூட்டு மாட்டிக்கொள்வதோ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னா சாப்பிடணும் அண்ணா?

நம் ஊரில் உடம்பு ஏறாததற்கு பயிற்சியைக் காட்டிலும் தட்டுதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. பொதுவான ஆரோக்கியத்துக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரைப்பது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். தசை வளர்க்கப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பயன் தருகிறது. 60 கிலோ உள்ளவருக்கு அது 96 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறும் சாம்பாரும் பொரியலும், இரவில் தோசை, நடுவே இரண்டு டீ என்று ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். 40 கிராமைத் தாண்டுவதே கடினம். வயிறு நிரம்புகிறது, ஆனால் கணக்கில் பாதிகூட வரவில்லை.

விடுபட்டதை நிரப்ப விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராமுக்குச் சற்று மேல், 100 கிராம் எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறியில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அந்த இட்லி, சோறு, தோசையை விடாமலேயே மூன்று முட்டை, ஒரு கைப்பிடிக்குச் சற்று அதிகமாக 50 கிராம் வேர்க்கடலை, 150 கிராம் கோழிக்கறி ஆகியவற்றைச் சேர்த்தால் 100 கிராமை எட்டிவிடலாம். மாட்டுக்கறி உண்ணும் வீடுகளில் அது விலை குறைந்த, தரமான புரதம். கொழுப்பு குறைந்த பகுதியாகக் கேட்டு வாங்கினால் போதும். மூன்று வேளையாகப் பிரித்து உண்ணுங்கள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நாங்க சைவம். முட்டையும் கிடையாது. எங்களுக்கு வழி இருக்கா?

இருக்கிறது, சற்றுக் கூடுதலாகத் திட்டமிட வேண்டும். சோயா உருண்டை 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம் உண்டு. ஊற வைத்துப் பிழிந்து குழம்பில் போட்டால் வீடே சாப்பிடும். பன்னீர் 100 கிராமில் 18 கிராம். பச்சைப் பயறு 24, கொண்டைக்கடலை 19 அல்லது 20. அவற்றைச் சுண்டலாகவோ அடையாகவோ செய்யலாம். சாம்பாரில் பருப்பைக் கண்ணில் காட்டுவதோடு நிறுத்தாமல், ஒருவருக்கு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தயிரைக் கடைசி வாய்ச் சோற்றுக்கு மட்டும் என்றில்லாமல் ஒரு டம்ளர் அளவுக்கு உயர்த்துங்கள். கேழ்வரகுக் கூழ் நல்ல உணவுதான்; ஆனால் கேழ்வரகில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவே புரதம் இருப்பதால், அதைப் புரத உணவாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஆம்பூர் பிரியாணியை விடணுமா?

விட வேண்டாம். சீரகச் சம்பா அரிசியைக் குறைத்துக் கறித்துண்டைக் கூட்டிக் கேளுங்கள். வாரத்தில் ஒரு வேளை எதையும் கெடுக்காது.

நம்ம ஊர் வெயில்ல எப்போ செய்யறது? வேர்த்தாதானே கொழுப்பு கரையும்?

வேர்வை என்பது உடம்பு தன்னைக் குளிர்விக்கும் வழி. அதில் போவது நீரும் உப்பும். பயிற்சி முடிந்து ஒரு கிலோ குறைந்திருந்தால், இரண்டு சொம்பு தண்ணீரில் அது திரும்பிவிடும். வேர்வை அதிகம் வர வேண்டும் என்று ரெயின்கோட் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுத்த ஒரு தம்பிக்குத் தலைசுற்றி, மாடியிலிருந்து இரண்டு பேர் தாங்கி இறக்க வேண்டியதாயிற்று.

வேலூரில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சுற்றிலும் கல் மலைகள், பாலாறோ வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல். மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில்தான் விடும். அதற்கு நேர் கீழே உள்ள அறை இரவு 8 மணிக்கும் கொதிக்கும். ஆகவே அக்னி நட்சத்திரம் முடியும் வரையிலாவது காலை 5 முதல் 6 மணிக்குள் முடித்துவிடுங்கள். காலையில் இயலாதவர்கள் தரைத்தளத்தில், ஜன்னலைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் செய்யலாம். காற்றில் செய்தால் பலன் குறையும் என்பது தவறு. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு அருகில் இருக்கட்டும். குமட்டல், தலைவலி, வேர்வை நின்று உடல் சுடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. நிழலில் படுக்க வைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சுத் தடுமாறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ரமலான் மாசம் முழுக்க நிறுத்திட வேண்டியதுதானா பாய்?

மேல்விஷாரத்திலிருந்து வரும் ஒரு தம்பிக்காக அவருடைய மாமா என்னைப் பாய் என்று அழைத்துக் கேட்டது இது. நிறுத்த வேண்டியதில்லை. வளர்ப்பதற்குத் தேவைப்படுவதைவிட, வளர்ந்ததைக் காப்பதற்கு மிகக் குறைந்த வேலையே போதும். வழக்கமான செட்டுகளில் மூன்றில் ஒரு பங்கைச் செய்து, பாரத்தைக் குறைக்காமல் வைத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் தசை குறையாது.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, ஒன்றரை மணி நேரம் கழித்தோ தராவீஹ் தொழுகைக்குப் பிறகோ செய்வது நல்லது. பகலில், குறிப்பாக அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு முன், வெயிலில் செய்ய வேண்டாம். நோன்புக் கஞ்சியில் பருப்பையும் கறியையும் கூட்டி, விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் முட்டையும் தயிரும் சேர்த்தால் முன்பு சொன்ன புரதக் கணக்கில் பெரும்பகுதி வந்துவிடும். சமோசாவும் பஜ்ஜியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து செய்யலாமா, தூங்கி எழுந்து செய்யலாமா?

தூங்கி எழுந்து. தூக்கம் குறைந்தால் தசை கட்டும் வேகமும் குறையும், கையில் கேன் நழுவும் வாய்ப்பும் கூடும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு ஏழு மணி நேரம் தூங்கி, எழுந்து ஏதாவது சாப்பிட்டு, அதன் பிறகு தொடங்குங்கள். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் இரண்டு நாள் செய்தாலே போதும்.

எனக்குத் தொப்பை மட்டும் குறைஞ்சா போதும். எத்தனை பிளாங்க் எடுக்கணும்?

வயிற்றுப் பயிற்சி வயிற்றின் தசையை வலுவாக்கும். அதன்மேல் படிந்த கொழுப்பை அந்த இடத்திலிருந்து மட்டும் எடுக்காது. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பதை உடம்பே தீர்மானிக்கிறது.  உணவின் அளவைச் சற்றுக் குறைத்து, புரதத்தைக் குறைக்காமல் வைத்து, காலையில் கோட்டைக்குள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்து, வாரம் மூன்று நாள் இந்தப் பயிற்சியையும் செய்யுங்கள். நடைக்குப் பின் கோட்டை வாசலில் போண்டாவும் டீயும் என்ற பழக்கம் இருந்தால், நடந்ததன் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

பொம்பளைங்க இதெல்லாம் செஞ்சா ஆம்பளை மாதிரி ஆயிடுவோமாண்ணே?

ஆகமாட்டீர்கள். பெரும் தசைக்குத் துணையாகும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் ஆண்களுக்குச் சுரப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுரக்கிறது. பெண்களுக்குக் கிடைப்பது இறுகிய உடலும், எலும்பின் உறுதியும், குடம் தூக்கும்போது நோகாத இடுப்பும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலிவதால், நாற்பது வயதுக்குமேல் இது ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கே அதிகம் தேவை என்று நினைக்கிறேன். பாரம், செட், எல்லை என்று மேலே சொன்ன எதையும் பெண்களுக்காக மாற்ற வேண்டியதில்லை.

தடையாக இருப்பது பெரும்பாலும் நேரமும் இடமும்தான். எங்கள் தெருவில் ஒரு அக்கா, பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் சமையலறை மேடையில் கையூன்றித் தண்டால், 10 கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு பஸ்கி என்று இருபது நிமிடத்தில் முடிப்பார். நைட்டியோ புடவையோ காலில் தடுக்காமல் சுடிதாரில் செய்யுங்கள். கர்ப்பிணிகளும், அறுவைப் பிரசவம் ஆனவர்களும் மகப்பேறு மருத்துவரின் அனுமதி பெற்றுத் தொடங்க வேண்டும்.

பையனுக்கு 14 வயசு. வெயிட் தூக்கினா வளத்தி நின்னுடும்னு பயமா இருக்கு சார்.

முறையாகச் செய்யும் பயிற்சி உயரத்தைத் தடுப்பதில்லை. வளரும் எலும்பின் நுனிக்கு ஆபத்து, போட்டிக்காகக் கண்டபடி கனம் தூக்கி விழும்போதுதான் வருகிறது. தண்டால், புல்-அப், பஸ்கி, சிறிய பை ஆகியவற்றை ஒரு பெரியவர் அருகிலிருக்கச் செய்யட்டும். முட்டையும் பாலும் தூக்கமும் அவனுக்கு நம்மைவிட அதிகம் வேண்டும்.

எங்கப்பாவுக்கு 68 வயசு. சுகரும் பி.பி.யும் இருக்கு. இனிமே எதுக்குன்னு சொல்றாரு.

1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயதுக்குட்பட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பும் சுமார் 9 சதவீதம் வளர்ந்தது. 68 அந்தக் கணக்கில் இளம் வயது. இரத்தச் சர்க்கரையை உணவுக்குப் பின் அதிகமாக எடுத்துக்கொள்ளும் உறுப்பே தசைதான். ஆகவே சர்க்கரை நோயாளிக்கு இது மருந்தோடு சேர்ந்து வேலை செய்யும்.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து உயர்த்துவது என்று தொடங்கட்டும். மூச்சை அடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தள்ளும்போது வாயால் மூச்சை விட வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தாலோ, நெஞ்சில் இறுக்கம் வருகிற வழக்கம் இருந்தாலோ, கண்ணின் விழித்திரையில் இரத்தக் கசிவு என்று சொல்லியிருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

பவுடர், கிரியேட்டின் எல்லாம் எடுத்தா கிட்னி போயிடுமா?

வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம். உணவில் கணக்கு எட்டாதவர்களுக்கு வசதியான ஒரு வழி, அவ்வளவே. முட்டையும் கடலையும் உண்ண முடிந்தவருக்கு அது தேவையில்லை. வாங்குவதானால் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் அரசு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். சில ‘வெயிட் கெய்னர்’ டப்பாக்களில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

கிரியேட்டின் மோனோஹைட்ரேட் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை எடுப்பது, ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவருக்குத் தீங்கு செய்வதாகக் காணப்படவில்லை. செட்டில் ஒன்றிரண்டு கூடுதலாக எடுக்க உதவும். அதை எடுப்பவரின் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு சற்று உயர்ந்து தெரியும். ஆகவே சோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இந்த விடையும் பொருந்தாது, மேலே சொன்ன 1.6 கிராம் கணக்கும் பொருந்தாது. அவர்களுக்குரிய புரத அளவை அவர்களின் மருத்துவரே சொல்ல வேண்டும்.

மூணு மாசம் ஊசி போட்டா ஆறு வருஷ உடம்பு வந்துடும்னு ஒருத்தர் சொல்றாரே?

தசை வரும் என்பது உண்மை. அதனால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு ஏறியதும் விரை தன் சுரப்பை நிறுத்துகிறது, விந்தணு குறைகிறது. ஊசியை நிறுத்திய பிறகு அது மீள மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாக ஆகும். மார்பு பெண்மார்பாக வீங்கும், நல்ல கொழுப்பு சரியும், இதயச் சுவர் தடிக்கும். ஊசியைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு மஞ்சள் காமாலைக் கிருமிகளும் தொற்றலாம். இருபது வயதுப் பையன் ஒருவன் மார்பு வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்து, வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னிடம் அழுதான். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள்.

டைஃபாய்டு வந்து ரெண்டு மாசம் விட்டுட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. ஒருமுறை வளர்ந்த தசை, இழந்ததைத் திரும்பப் பெறுவதில் புதிய தசையைவிட வேகமானது. இரண்டு மாத இழப்பை ஏறக்குறைய ஒரு மாதத்தில் மீட்டவர்கள் எங்கள் மாடியில் உண்டு. காய்ச்சல் முற்றிலும் விட்டு, சாப்பாடு பழைய அளவுக்கு வந்த பிறகு, நோட்டில் கடைசியாக எழுதிய எண்ணில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

கையும் காலும் குச்சியா இருக்கு, ஆனா தொப்பை இருக்கு. நான் சாப்பாட்டை ஏத்தணுமா, குறைக்கணுமா?

இதற்குத்தான் நெடுநாள் யோசித்தேன். இந்தியர்களில் பலருக்கு, அதே எடையுள்ள ஐரோப்பியரைவிடத் தசை குறைவாகவும் கொழுப்பு, அதிலும் வயிற்றுக் கொழுப்பு, அதிகமாகவும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒல்லி, உள்ளே பருமன். இவர்கள் உடம்பு ஏற்றுகிறேன் என்று சோற்றைக் கூட்டினால் தொப்பை ஏறுகிறது. தொப்பை இறக்குகிறேன் என்று பட்டினி கிடந்தால் இருக்கும் கொஞ்சத் தசையும் கரைகிறது. இரண்டையும் மாறி மாறிச் செய்தே பலர் ஆண்டுகளை வீணாக்கிவிட்டார்கள்.

புதிதாகப் பயிற்சி தொடங்குபவருக்கு ஒரு சலுகை உண்டு: முதல் ஓராண்டில் எடை மாறாமலேயே கொழுப்பு குறைந்து தசை கூடும். ஆகவே மொத்தச் சாப்பாட்டை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். தட்டில் சோற்றின் பங்கைக் குறைத்து, முன்பு சொன்ன புரதக் கணக்கால் அந்த இடத்தை நிரப்புங்கள். எடை இயந்திரம் இங்கே வழிகாட்டாது. தையற்கடை டேப்பால் ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம்மவர்களுக்கான எல்லை.

தொடையையும் புயத்தையும் மாதம் ஒருமுறை அளந்தால் போதும். நான்கு வாரமாகியும் இடுப்பளவு அப்படியே இருந்து, பயிற்சி எண்களும் ஏறாமல் நின்றால், இரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு முட்டையைக் கூட்டி, இன்னும் நான்கு வாரம் பாருங்கள். அதுவரை வேறெதையும் மாற்ற வேண்டாம்.